கடைமடை வரை போகும் மருந்து

கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வதில் குணசேகரனை மிஞ்ச மேட்டூர் அணையிலிருந்து நாகப்பட்டினம் கடல் வரைக்கும் ஓர் ஆள் கிடையாது. சரி, மேட்டூர் கொஞ்சம் அதிகம்தான். வலங்கைமான் கடைத்தெரு என்று வைத்துக்கொள்வோம். அதிலும், போகிற பஸ்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பூத்தொடுக்கும் சைத்தூன் பீவியைச் சேர்க்காமல்.

பகலில் அவன் உரக்கடைக்காரன். எந்தப் பயிருக்கு எந்த மருந்து, எத்தனை மூடி, எவ்வளவு தண்ணீர் என்று சொல்லியே ஐம்பது வயதைத் தாண்டியவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டுக் குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, கதவிடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டித் திணித்து, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வான். சிங்கப்பூரிலிருந்து மகன் அரவிந்தன் பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கி வந்து கொடுத்ததிலிருந்து இந்தப் பைத்தியம். கும்மிருட்டில் கருப்பு வெள்ளைச் சுருளை உருவி, விரலாலேயே தடவிச் சக்கரத்தில் சுற்றி, தூக்குப்பாத்திரம் மாதிரி இருக்கும் டப்பாவில் போட்டு மூடுவான். பிறகு டெவலப்பர். அவன் வாயில் அதுவும் மருந்துதான். சுருளுக்குள் படம் விழுந்து கிடக்கும், ஆனால் மருந்து ஊற்றுகிற வரைக்கும் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

அப்படி மருந்து ஊற்றாத ஒரு சுருள் அவன் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டை வைக்கும் தட்டில், கிட்டத்தட்ட ஒரு வருஷமாகக் கிடந்தது. மோருக்கென்று கதவைத் திறந்தால்கூட அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கையை நீட்டுவான். உள்ளேயிருந்து யாரோ பார்க்கிறமாதிரி இருக்கும்.

பார்ப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். அண்ணன் தங்கையன்.

போன வருஷம் தை மாதம், அறுவடை வயலில் நின்றதில் தங்கையனுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வீட்டாரைக் கூப்பிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். வலங்கைமானில் அப்படிப்பட்ட நேரத்தில் மகமாயிக்கு என்ன வேண்டிக்கொள்வார்களோ அதையே வேண்டிக்கொண்டார்கள்: பிழைத்துவிட்டால் பாடைக்காவடி. பிழைத்துவிட்டான். பங்குனித் திருவிழாவில் குடமுருட்டியில் முழுகவைத்து, ஈர வேட்டியோடு பச்சை மூங்கில் பாடையில் கிடத்தி, நிஜப் பிணத்துக்குக் கட்டுவதுபோலவே கட்டி, முன்னால் தீச்சட்டி போக, பறை முழங்க, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே பூசாரி தீர்த்தம் தெளித்தபிறகுதான் எழுந்திருக்க வேண்டும். அதுவரை செத்தவன் செத்தவன்தான், கண்ணைத் திறக்கக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வழியில் ஒரு மதில் ஓரம், அரசமர நிழலில், தோள் மாற்றுவதற்காகப் பாடையை இறக்கினார்கள். குணசேகரன் மதிலை முதுகால் உரசிக்கொண்டு நின்று கேமராவைத் தூக்கினான். அவனுடைய இடது தோளுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, அண்ணி மங்களாம்பிகைதான் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் குறிபார்த்தான். எத்தனை காதுகுத்து, எத்தனை வளைகாப்பில் சொல்லிப் பழகிய வாய்! அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அண்ணே, இங்க பாரு!"

விரல் அழுத்திவிட்டது. அந்த மாதிரி கேமராவில், படம் விழுகிற நொடியில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும்பி, எடுக்கிறவன் கண்ணுக்கு இருட்டைக் காட்டும். இருட்டு விலகியபோது தங்கையன் கண்ணை மூடிக்கிடந்தான். நடுவில் திறந்தானா? அது சுருளுக்கு மட்டும்தான் தெரியும்.

அதே வருஷம் ஐப்பசி மழையில், நடவு வயலின் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த தங்கையன் அப்படியே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு என்றார் டாக்டர். குணசேகரனுக்கு மட்டும் வேறு கணக்கு. பிணமாய்க் கிடந்தவனைப் பேர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டுவிட்டோம், பாதி வழியில் எழுப்பிவிட்டோம், தீர்த்தம் விழுமுன்பே அவன் கண்ணைத் திறந்திருந்தால் மகமாயி அந்த நேர்த்திக்கடனை ஏற்கவில்லை, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டாள் என்று. சுருளில் இன்னும் சில படங்களுக்கு இடமிருந்தது. அவன் எடுக்கவில்லை. அப்படியே உருவி ஃபிரிட்ஜில் வைத்தான்.

முதல் வருஷத் திதி நெருங்கியபோது மங்களாம்பிகை வந்து நின்றாள்.

"தம்பி, அவரைக் கடைசியா நீங்கதானே படம் எடுத்தீங்க? அதத்தான் மாட்டணும்."

"அய்யோ அக்கா, பாடையில கெடக்குற படத்தயா?" என்று பதறினாள் குணசேகரனின் மனைவி ஷோபனா.

"பாடையில படுத்து எழுந்திரிச்ச மனுஷன்டி. ஊருல எத்தனை பேருக்கு அது வாய்ச்சிருக்கு?"

குணசேகரன் ஃபிரிட்ஜ் பக்கம் பார்க்காமலே தலையாட்டினான். "கழுவித் தரேன் அண்ணி" என்றான்.

கழுவுவது என்றால் எந்த மருந்தில்? அங்கேதான் சிக்கல். அலமாரியில் சென்னையிலிருந்து வந்த பொடிப் பொட்டலம் இருந்தது. நிதானமான மருந்து. சொன்ன நேரத்துக்குக் குலுக்கி ஊற்றினால் வெயில் பட்ட இடமெல்லாம் அழகாக வரும், நிழல் நிழலாகவே நின்றுவிடும். அண்ணன் முகம் கிடந்ததோ அடர்ந்த மரநிழலில். பொடியைப் போட்டால் வெள்ளை வேட்டி தெரியும், மாலை தெரியும், முகத்தின் இடத்தில் ஒரு கறுப்பு. யாரும் எதுவும் கேட்கமுடியாது.

பக்கத்திலேயே ஒரு திரவப் புட்டி. அதை ஒரு மூடி எடுத்து நிறையத் தண்ணீரில் கலந்து, ஊற்றிவிட்டு ஆட்டாமல் அசைக்காமல் விட்டுவிட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் பக்கத்திலிருக்கும் மருந்தைக் குடித்துத் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். நிழல் மட்டும் மெதுமெதுவாகக் குடித்துக்கொண்டே இருக்கும். தலைமடை நிறைந்து அடைத்தபிறகு கடைமடைக்குத் தண்ணீர் போகிறதே, அந்த மாதிரி. கடைசியில் நிழலில் கிடப்பதும் எழுந்து வந்துவிடும்.

பொடியா, புட்டியா? அண்ணனைத் தெரிந்துகொள்வதா, தெரியாமலே இருப்பதா? இரண்டும் ஒரே கேள்வி.

நாளைக் கடத்த அவன் மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தான். காபித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மூன்றையும் கலந்தால் அதுவும் மருந்து என்று இணையத்தில் படித்திருந்தான். வேறொரு சுருளில் சோதித்துப் பார்த்தான். இன்ஸ்டன்ட் தூள் என்று எழுதியிருந்ததை அந்த வீட்டில் யார் மதிப்பார்கள்? சிக்கரி கலந்த ஃபில்டர் காபித்தூளில் கள்ளிச்சொட்டாக முதல் டிகாக்‌ஷன் இறக்கி ஊற்றினான். ஷோபனா கட்டிலில் உட்கார்ந்திருக்கிற படம் சேற்றில் புதைந்த எருமைபோல வந்தது.

"எருமைன்னு சொல்றதுக்கு இத்தனை செலவா? வாயால சொல்லியிருக்கலாமே!" என்றாள் ஷோபனா. "நல்ல டிகாக்‌ஷன், பாவி மனுஷா! நாலு பேரு குடிச்சிருக்கலாம்."

அவன் சிரிக்கவில்லை. படத்தில் ஷோபனாவுக்குப் பின்னால் கதவருகே வெளிறிய கறை ஒன்று நின்றது. மருந்துக் கறைதான், அவனுக்கே தெரியும். இருந்தாலும் அந்தச் சுருளைக் கிழித்து எரித்துவிட்டு, அந்தக் கதவைத் திறந்துபார்த்துவிட்டு வந்தான்.

திதிக்கு முந்தைய ஞாயிறு, பளீரென்ற மத்தியானம். மழை விட்டிருந்தது. ஜூஸ் கடை லியாகத் அலியிடம் ஐஸ் வாங்கி வந்து வாளித் தண்ணீரைக் குளிரவைத்தான். பொடிப் பொட்டலத்தின் வாயைக் கத்தரித்தும்விட்டான். அப்போது கூடத்தில் மங்களாம்பிகையின் குரல் கேட்டது.

"அவரு மொகம் எனக்கு மறந்துகிட்டே வருது ஷோபனா. மூக்கு ஞாபகம் இருக்கு. கண்ணு வரமாட்டேங்குது."

குணசேகரன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் புட்டியை எடுத்தான்.

இருட்டில் சுருளைச் சுற்றும்போது பச்சை மூங்கில் வாசனை வந்தது. ஈர வேட்டி வாசனையும். சுருள் ஓர் இடத்தில்கூடச் சிக்கவில்லை, அதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. டப்பாவை மூடி, விளக்கைப் போட்டு, மருந்தை ஊற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். இந்த மருந்துக்கு ஆட்டக்கூடாது, தொடக்கூடாது. பிணத்துக்குக் காவல் இருப்பதுபோல டப்பாவுக்குக் காவல் இருந்தான். உள்ளே நிழல் குடித்துக்கொண்டிருந்தது. ஒருதரம் மூடிக்குள்ளிருந்து மூச்சு விடுகிறமாதிரி ஒரு குமிழி வெடித்தது. அவன் அசையவில்லை.

எல்லாம் கழுவி முடித்து, ஈரச் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் தொங்கவிட்டான். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். வெள்ளை வேட்டி கறுப்பாக, முகம் இன்னதென்று தெரியாமல் இருந்தது. செல்போனில் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாக மாற்றி, விரலால் பெரிதாக்கினான்.

தங்கையனின் கண்கள் திறந்திருந்தன.

குணசேகரன் படத்தை இன்னும் பெரிதாக்கினான். பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அந்தக் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. சற்று இடதுபுறம், அவன் தோளுக்கு மேலே, தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதுபோல விரிந்திருந்தன. உதட்டோரத்தில் சிரிப்புகூட. கூப்பிட்டவனை அண்ணன் திரும்பியும் பார்க்கவில்லை! எழுப்பியது அவன் குரல் இல்லை! ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கியது.

கூடத்துக்கு ஓடினான். "அண்ணி! பாருங்க, பாருங்க. நான் கூப்பிட்டதுல முழிச்சிட்டாரோன்னு இத்தனை நாளா செத்துக்கிட்டு இருந்தேன். என்னைப் பாக்கவே இல்ல அவரு. பின்னாடி நின்ன உங்களைப் பாத்துதான் கண்ணைத் திறந்திருக்காரு! உங்க வளையல் சத்தம் எனக்கே கேட்டுச்சே!"

மங்களாம்பிகை போனை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். புருஷனின் கண்களை விரலால் தொட்டாள். படம் இன்னும் பெரிதாகி, கண்கள் மட்டும் நின்றன.

"இவரு கண்ணுதான்" என்றாள். "ஆனா நான் அங்க எங்க தம்பி வந்தேன்? அவரைக் கட்டுறதைப் பாக்க முடியாம ஆத்தங்கரையிலேயே உக்காந்துட்டேனே. அவரு சட்டையையும் செருப்பையும் மடியில வெச்சிக்கிட்டு, எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குத் தன் முதுகு மதிலோடு ஒட்டியிருந்தது, பின்னால் ஆள் நிற்க இடமே இல்லை என்பது குணசேகரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வளையல் சத்தம் கேட்டிருக்கும், இல்லேங்கல. அது என்னோடது இல்ல."