ஆறிப்போன புண்ணும் நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளும்

தொழிற்பயிற்சி நிலையத்துக்கு நேர் எதிரே இருந்த மருந்துக் கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்த்தவளை, அங்கே படிக்கிறவர்கள் எல்லோரும் மாத்திரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆணுறை வாங்க வருகிறவனை அவள் படியேறும்போதே கண்டுபிடித்துவிடுவாள். முதலில் ஒரு பிரஷ் எடுப்பான். பக்கத்தில் யாராவது நின்றால் இருமல் மிட்டாய் கேட்பான். அந்த ஆள் நகரவே இல்லையென்றால் பஞ்சு, கட்டுத்துணி, சீப்பு. கடைசியில் கேட்க வந்ததைக் கேட்காமலே பை நிறையச் சாமானோடு திரும்பிப் போவான். இதை வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை நின்றது. வெல்டிங் படிக்கும் இருபது வயதுக்காரன் ஒருவன், கடை காலியாக இருந்த நேரம் பார்த்து, வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தான்.

“அக்கா, பொறி பட்டுடுச்சுன்னு ஒரு களிம்பு வாங்கினேனே, சூப்பர். சுத்தமா ஆறிடுச்சு.”

“எங்க பட்டுது பொறி? கையிலதானே?”

அவன் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டு குரலை இறக்கினான். “பொறி இல்லக்கா. அது... கீழ. ஒரே ஒரு புண்ணு. வலிகூட இல்ல.”

அவள் பில் புத்தகத்தை மூடி வைத்தாள். வலிக்காத புண், தானாக ஆறும் புண். மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாடம் அப்படியே கண்முன் வந்தது. சிஃபிலிஸ் என்னும் மேகப்புண்.

“தம்பி, அது களிம்பால ஆறல. அந்தப் புண்ணு எதுவும் போடாமலே ஆறும். மேல மறைஞ்சாலும் கிருமி உள்ளயே இருக்கும். உங்கிட்டேயிருந்து இன்னொருத்தருக்கும் போகும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடு.”

“அதான் போயிடுச்சேக்கா!” காது மடல் சிவக்க, விட்டால் போதுமென்று படி தாண்டி ஓடினான்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த சுகாதார நிலையத்துக்கு வேகுவேகென்று நடந்தாள். பால்வினை நோய்ப் பிரிவின் நர்ஸ், காலியான பெஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆரம்பத்துலயே வந்தா ஊசியோட முடிஞ்சுபோற விஷயம்மா. பேரு வெளிய போகாது. மருந்து இருக்கு, நான் இருக்கேன். ஆளுதான் வரமாட்டேங்குது,” என்றாள் நர்ஸ்.

திரும்பும் வழியில் மாத்திரை அக்காவின் கால்கள் கடைக்குப் போகவில்லை. நேரே பயிற்சி நிலையத்து முதல்வர் அறைக்குப் போயின.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதையெல்லாம் பேசினா பசங்க கெட்டுப்போயிடுவாங்கம்மா.”

“சார், பேசாம இருக்கறதாலதான் என் கடையில புண்ணுக்குக் களிம்பு வாங்கறாங்க. நானும் விவரம் கேக்காம குடுத்துட்டேன். அரை மணி நேரம் குடுங்க. எல்லாரும் பதினெட்டு தாண்டினவங்கதானே?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அரை மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது.”

காய்ச்சல் மாத்திரை வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, ‘பேர் வேண்டாம், கேள்வி மட்டும்’ என்று எழுதி, நிலையத்தின் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். பத்துச் சீட்டு விழுந்தால் பெரிய விஷயம் என்று நினைத்தாள். நான்காம் நாள் பெட்டி வாய் பிளந்து நின்றது. நூற்றுப் பன்னிரண்டு!

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் கொட்டி, மாமியாரும் மருமகளுமாகப் பிரித்தார்கள். லாரி மெக்கானிக்கான கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு வண்டி வேலை இருக்கு,” என்று நழுவப் பார்த்தான். “உக்காருடா, நீயும் படி,” என்று மாமியார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு சீட்டைக் கண்ணருகே பிடித்துப் படித்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இதை நான் நாப்பது வருஷமா யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்டி! முதல்ல எனக்குச் சொல்லு.”

“சொல்றேன் அத்தே. அவரை அனுப்பிட்டுச் சொல்றேன்.”

அடுத்த வார வெள்ளிக்கிழமை. வெல்டிங், மின்சாரம், தையல், கணினி என்று எல்லா வகுப்புகளும் பெரிய பட்டறையில் கூடின. இடமில்லாமல் ஜன்னல் கட்டையில்கூட ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் ஓர் ஓரமாக நின்றாள். மாத்திரை அக்கா பெட்டியை மார்போடு அணைத்தபடி பயந்து பயந்து முன்னால் வந்தாள். கையில் வந்த முதல் சீட்டைப் பிரித்துப் படித்தாள்.

“‘கொசு கடிச்சா எய்ட்ஸ் வருமா?’ வராது. வர்றதா இருந்தா நம்ம ஹாஸ்டல்ல இந்நேரம் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க.”

பட்டறை அதிர்ந்தது. அந்தச் சிரிப்போடு அவள் பயமும் போயிற்று. அப்புறம் மடை திறந்த மாதிரிதான். எச்.ஐ.வி.க்கு மாத்திரை உண்டா? உண்டு, தினமும் போட்டால் மற்றவர்களைப் போலவே வாழலாம். பார்த்தாலே நோய் தெரியுமா? தெரியாது, பல பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, அதனால்தான் பரிசோதனை. இரண்டு ஆணுறை போட்டால் இரட்டைப் பாதுகாப்பா? இல்லை, உரசிக் கிழியும், ஒன்றே போதும்.

ஆணுறையை மாட்டிக் காட்ட வெல்டிங் வகுப்பிலிருந்து ஓர் இரும்புக் குழாயை வாங்கினாள். தேதி பார்த்தாள், பல்லால் கடிக்காமல் விரலால் பிரித்தாள், நுனியை அழுத்திக் காற்றை எடுத்தாள். உருட்டும்போது குழாயின் விளிம்பு பட்டுச் சர்ரென்று கிழிந்தது. ஊளையும் கைதட்டலும் கூரையைத் தொட்டன. அவள் அசரவில்லை.

“பாத்தீங்களா? நகம் பட்டாலும் இதே கதிதான். கிழிஞ்சா தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுக்கணும்,” என்று மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, அதன் கட்டையில் இன்னொன்றை மாட்டிக் காட்டினாள். முதல்வர் கூரை மின்விசிறியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இன்னொரு சீட்டைப் பிரித்துப் படித்தாள். ‘வேண்டாம்னு சொன்னா விட்டுட்டுப் போயிடுவேன்னு சொல்றான். என்ன பண்றது?’

அவள் யார் பக்கமும் பார்க்காமல் சொன்னாள்: “போகட்டும். நீ வேணாம்னு சொன்னா அங்கேயே அது முடிஞ்சது, அதுக்குக் காரணம்கூட சொல்ல வேண்டாம். உன்னை மிரட்டி சம்மதிக்க வைக்கறது அன்பு இல்ல. கேக்கற பசங்களுக்கும் இதுதான். எதிர்ல இருக்கவங்க மனசார சரின்னு சொல்லலன்னா, அதுக்கு வேணாம்னுதான் அர்த்தம்.”

தையல் வகுப்பு வரிசையிலிருந்து முதலில் ஒரு கை தட்டியது. பிறகு எல்லாக் கைகளும்.

அரை மணி எப்போதோ தாண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை, முதல்வர் உட்பட.

திங்கட்கிழமை காலை, கடையில் தொலைபேசி அலறியது. நர்ஸ்தான். “என்னம்மா பண்ணி வச்சிருக்க? பெஞ்சு பத்தாம வெளிய நிக்கறாங்க! இருபத்தேழு பேரு! ரத்தம் எடுக்கற குப்பி தீந்துபோய் ஆளனுப்பியிருக்கேன்!” அவள் குரலில் ஆனந்தக் கூத்து. மாத்திரை அக்கா ரிசீவரைப் பிடித்தபடியே குதித்த குதியில், இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் இரண்டடி பின்வாங்கினார்.

அந்த வாரக் கடைசியில் வெல்டிங்காரன் வந்தான். படியேறும்போதே நொண்டினான்.

“நீங்க சொன்ன அதேதான்னு டெஸ்ட்ல வந்துச்சு. ரெண்டு பக்கமும் ஊசி குத்திட்டாங்கக்கா. உக்காரவே முடியல.”

“நின்னுக்கிட்டே படி. உன்கூட இருந்த பொண்ணுகிட்ட சொன்னியா?”

அவன் தலையைக் குனிந்தான். “சொன்னேன். ரெண்டு நாள் பேசவே இல்ல. மூணாம் நாள் தானாவே போய் டெஸ்ட் பண்ணி, ஊசியும் போட்டுக்கிட்டா. மூணு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் திரும்ப ரத்தம் குடுக்கணுமாம். எங்கிட்ட இன்னும் சரியாப் பேசல. ஆனா திட்ட ஆரம்பிச்சுட்டா.”

“திட்டினா சரியாயிடும்.”

அவன் சிரித்துக்கொண்டே, கடையில் மூன்று பேர் நிற்கும்போதே, “ஒரு பாக்கெட் ஆணுறை குடுங்கக்கா,” என்று பட்டென்று கேட்டான். அந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் மெதுவாக முன்னால் வந்து, “எனக்கும் ஒண்ணும்மா,” என்றார்.

அடுத்த மாதம் முதல்வரே சாலையைக் கடந்து கடைக்கு வந்தார். புது வகுப்பு சேர்ந்திருந்தது. “இந்தத் தடவை முழு மதியமும் எடுத்துக்கங்கம்மா,” என்றார். அவள் உள்ளே ஓடி, பெரிய பெட்டியாக ஒன்றைத் தேட ஆரம்பித்தாள்.