வீட்டுக்குத் தூரம்

என் மகள் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டு நின்றாள். படிப்பு ஏறவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் இன்னும் அப்படித்தான் நம்புகிறார்கள். அது பொய். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவள், எழுத நேரமாகும். ஆனாலும் இதை என் கையால்தான் எழுத வேண்டும்.

புருஷன் எங்களை விட்டுவிட்டுப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. யாரிடமும் போய் நின்றதில்லை. என் வீட்டுச் சாமி மேடையின் சுத்தம் தோட்டம் முழுக்கத் தெரியும். கோயில் பூசையில் முதல் விளக்கை என்னைத்தான் ஏற்றச் சொல்வார்கள். மாதவிலக்கை எங்கள் பேச்சில் வீட்டுக்குத் தூரம் என்போம். மகள் பெரியவளானதிலிருந்து மாதம் மூன்று நாள் அவளைப் பின்னறையில் உட்கார வைத்தேன். தனிப் பாய், தனித் தட்டு. சாமி மேடை முன்னறையில் இருந்தது. அதைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். ஆகவே அந்த நாட்களில் பள்ளியும் கிடையாது. மற்ற வீடுகளில் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை.

"நாளைக்குக் கணக்குச் சோதனை இருக்கும்மா."

"சோதனை அடுத்த மாசமும் வரும்."

"தூரமும் அடுத்த மாசம் வரும்."

வாய் நீளம் என்று திட்டினேன். உள்ளுக்குள் சிரிப்புதான். என்னைப் போலவே பேசுகிறாள் என்று.

ஒருநாள் பள்ளியிலிருந்து மலாய்க்கார ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பையில் எச்சரிக்கைக் கடிதம் வைத்திருந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டுத்தான் பேசினார். பிள்ளை ஏன் அடிக்கடி வருவதில்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய்தான். ஆம்பிளையிடம் அந்தச் சங்கதியைச் சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. கொஞ்சம் யோசித்து, எங்கள் சொல்லை அப்படியே மலாயில் மாற்றினேன்.

"ருமா ஜாவ், சிக்கு."

வீடு தூரம், ஐயா. அவர் செம்மண் பாதையைத் திரும்பிப் பார்த்தார். தலையாட்டி, எதையோ எழுதிக்கொண்டு போனார். பொய்யும் சொல்லவில்லை, மானமும் போகவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பின்னறையிலிருந்து மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பள்ளிக்கூடம் எட்டத்துல இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டம்மா. எனக்கு இனிமே வேன் வுடப் போறாங்க பாரு."

அவள் சொன்னபடியே நடந்தது. அடுத்த மாதம் பள்ளிக்காரர்கள் எப்படியோ பேசி, காசில்லாமல் ஒரு வேனை ஏற்பாடு செய்தார்கள். வாசலுக்கே வந்தது. ஓட்டியவர் நம் ஆள். மகள் பின்னறையில் இருந்த நாட்களிலும் வந்து ஹாரன் அடிப்பார்.

"பாப்பா வரலையாக்கா?"

"இல்ல தம்பி."

"வாசல்லயே வந்து நிக்கிறேன்லா. இன்னும் என்னாக்கா தூரம்?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போய்ப் பள்ளியில் சொல்லியிருப்பார்.

மூன்று நாள்தானே என்று நினைத்தேன். கன்றுக்கு மூன்று நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டு, நாலாம் நாள் நாலு வாளியைச் சேர்த்து ஊற்றினால் பிழைக்காது. அது என் வேலை, எனக்குத் தெரியும். பிள்ளை விஷயத்தில் தெரியவில்லை. விட்ட பாடம் புரியாமல் நாலாம் நாளும் தலைவலி என்பாள், ஐந்தாம் நாளும் என்பாள். இரண்டாவது கடிதமும் வந்தது. கையெழுத்துப் போட்டுச் சாமி மேடைக்கு அடியில் வைத்தேன்.

மூன்றாம் படிவத்தில் அரசாங்கப் பரீட்சை. அதற்காக மட்டும் அவள் விழுந்து விழுந்து படித்தாள். முதல் நாள் காலையில் திருநீறு பூசிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். அப்போதுதான் குளியலறைக்குப் பின்னால், துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட துணியைப் பார்த்தேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஓடிப்போய் வேன் கதவைத் திறந்தேன்.

"எறங்கு."

"ம்மா, இன்னிக்கு மட்டும்." மெதுவாகத்தான் சொன்னாள்.

"மறைச்சுட்டுச் சாமியத் தாண்டியிருக்க. எறங்குடி."

"அக்கா, பரீட்சைலா" என்றார் வேன்காரர்.

"நீ ஒன் வேலையப் பாரு."

வேன் நிறையப் பிள்ளைகள், பையன்களும் இருந்தார்கள். அவள் இறங்கினாள். நான் சொல்லாமலே முன்வாசலுக்கு வராமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே போனாள். அந்தக் கதவு எந்நாளும் அங்கேதான் இருந்தது. சாமியைத் தாண்டாமல் அந்த வழியாகவே அவள் மூன்று வருஷமும் பள்ளிக்குப் போயிருக்கலாம். அது என் புத்தியில் படவில்லை.

மறுவாரம் அந்த ஆசிரியர் மறுபடி வந்தார். இந்த முறை தமிழ் டீச்சர் ஒருவரும் கூட வந்தார். அந்தப் பெண் நேராக அடுப்படிக்கு வந்து, மணையில் உட்கார்ந்து, "என்னாக்கா காரணம்?" என்று கேட்டார். ஒரே கேள்விதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"மொதல்லயே ஒரு பொம்பளையா நான் வந்து கேட்டிருக்கணும்கா. எங்க மேலயும் தப்பு இருக்கு."

திரும்ப வரச் சொல்லி மகளைக் கெஞ்சினார். மகள் பாயைப் பார்த்தபடி, "வேன்ல எல்லாரும் பாத்தாங்க டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு அவள் சீருடையைத் தொடவில்லை. பிள்ளை வரவில்லை என்று சலிக்கிற பள்ளிக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடிதம் அனுப்புங்கள், வேனும் அனுப்புங்கள், ஆனால் அடுப்படி வரைக்கும் ஒருவர் வரட்டும்.

இரண்டு வருஷம் கழித்து லூனாஸ் பக்கம் தொழிற்சாலையில் கையுறை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே தூரம் என்று லீவு தரமாட்டார்கள். முதல் மாதம் அந்த நாள் வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனாள். அப்போதுதான் அவள் தூரம் என்று எனக்குத் தெரிந்தது. சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் அவள் கையில் கொடுத்தேன். தொடக்கூடாது என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பஸ் வந்துரும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.