சிவப்புக் கோட்டு மொச்சை

நேற்று ஹட்டன் ஸ்டேஷனில் ஒருவர் கூடையில் அவித்த மொச்சை விற்றுக்கொண்டிருந்தார். துணியை விலக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த வாசத்துக்குள் எனக்கு ஒரு பழைய பகை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டுக்குப் பின்னால் அம்மா மொச்சைப் பந்தல் போட்டிருந்தாள். வெள்ளையில் சிவப்புக் கோடு ஓடும் மொச்சை. வலப்பனைச் சந்தையில் ஒரு சிங்களத்து அம்மாவிடம் வாங்கிய விதை. எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையா ஒருநாள் ஆள் வைத்து, காய்த்து நின்ற பந்தலைப் பிடுங்கி எறிந்தார்.

"தேயிலத் தோட்டத்துல ஒனக்கென்னாடி காய்கறித் தோட்டம்?"

அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைக்காய்கள் மட்டும் தப்பின. மறுபடி நட அவர் விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் அந்தப் பக்கம் ஒரு பயிற்சித் தோட்டம் வைத்திருந்தது. அருகிப்போகும் பயிர்களை மாணவர்களுக்காக வளர்த்துக் காக்கும் இடம். அங்கே உதவியாளன் வேலை கிடைத்தது. முதல் நாள் டை கட்டிக்கொண்டு போனேன். கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். அம்மாவின் விதையைக் காட்டியதும் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இப்படியொன்று எங்களிடம் இல்லையே என்று தனிப் பாத்தியே ஒதுக்கினார்.

சேதி பரவி, கண்டாக்கையா வந்து நின்றார். அதுவரை 'டேய்' என்றவர்.

"தம்பி, பங்களா வாசல்ல வளத்துக் காட்டுறேன்னு தொரைகிட்ட சொல்லிட்டேன். ஒரு கைப்புடி வெத குடுங்க."

அம்மாவிடம் சொன்னேன்.

"குடுடா. இல்லேன்னு சொல்லலாமா?" என்றவள், அடுப்பைப் பார்த்தாள். "கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு முக்கி, காயவச்சுக் குடு. சாமிக்கே தெரியாது."

கடதாசியில் மடித்து, இரண்டு கைகளாலும் கொடுத்தேன்.

கண்டாக்கையா தாமே பாத்தி கட்டினார், தாமே தண்ணீர் ஊற்றினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் அம்மா தினமும் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

"இன்னைக்கும் ஊத்துறாருடா! பந்தக்காலு வேற நட்டுட்டாரு!"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். பந்தல் போன பிறகு அப்போதுதான் அவள் அப்படிச் சிரித்தாள். கடைசியில் துரை, பெரட்டில் எல்லோர் முன்னாலும், "எங்கே உன் மொச்சை?" என்று கேட்டாராம். எனக்கு அன்று இரண்டு வேளைச் சோறு சாப்பிட்ட நிறைவு.

பயிற்சித் தோட்டம் இப்போது இல்லை. பாத்திகளை மண் போட்டு மூடி, அதன்மேல் வாகனம் நிறுத்துகிறார்கள். சிவப்புக் கோட்டு மொச்சையும் அதோடு போயிற்று. போகிற சந்தையிலெல்லாம் கூடையைக் கிளறிப் பார்க்கிறேன். அம்மா இல்லை, கண்டாக்கையாவும் இல்லை. என்றாவது அந்த விதை என் கைக்குக் கிடைத்து, அவருடைய பேரன் வந்து கேட்டால் கொடுப்பேன். இரண்டு கைகளாலும் கொடுப்பேன்.

முக்கி எடுத்துத்தான்.