கடலுக்கு முதுகு காட்டி நின்றவர்

இருபத்தாறு. பள்ளிப் பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துக்கொண்டு தனிஸ்லாஸ் போய்வந்த தடவைகள். அத்தனை தடவையும் மெரினாவில் வண்டி நின்றிருக்கிறது. ஒரு தடவைகூட அவர் கால் கடலில் நனைந்ததில்லை. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால் கரையில் நின்று அவர்கள் தலைகளை எண்ணுவார். கரையேறி மணலில் உட்கார்ந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணுவார். கூட்டிப்போன பிள்ளைகள் ஆயிரத்துச் சொச்சம். ஒருவரும் தொலைந்ததில்லை.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். வயது ஐம்பத்தேழு. வீடு கே.கே. நகர். பள்ளியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் தேடுவதில்லை. 'டூர் சார்' எங்கே என்றால்தான் கை காட்டுவார்கள். வழிமுறை எளிது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். வண்டி ஏறும்போது, இறங்கும்போது, சாப்பிட்டு எழும்போது விசில் ஊதுவார். பிள்ளைகள் வரிசையாக எண்ணைக் கத்த வேண்டும். எங்காவது சத்தம் விட்டுப்போனால் வண்டி நகராது. சென்னையில் எங்கே பேருந்தை நிறுத்தலாம், எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும், ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் எங்கே இலை போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இரண்டு பேர் சும்மா உட்கார அந்த ஊரில் எது நல்ல இடம் என்று கேட்டால் தெரியாது.

அதைத்தான் அவர் மனைவி பாக்கியமேரி கேட்டார்.

பாக்கியமேரி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். திருமணம் 1995 ஆகஸ்டில். அடுத்த மாதம் காலாண்டு விடுமுறையில் புது மனைவியைச் சென்னைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார் தனிஸ்லாஸ். சொன்னபடி அழைத்தும் போனார், நாற்பத்தாறு பிள்ளைகளோடு. துணைக்கு வரவிருந்த டீச்சருக்கு அம்மை போட்டிருந்தது. புதுப்பெண்ணையே கூட்டிப் போகச் சொன்னார் தலைமை சிஸ்டர். பாக்கியமேரிக்கு நாற்பத்தேழாம் எண். இரவில் பெண் பிள்ளைகளோடு கான்வென்ட் கூடத்தில் அவருக்குப் பாய். ஊரின் இன்னொரு பக்கம் பையன்களோடு தனிஸ்லாஸுக்கு. இருவரும் தனியாகப் பேசிக்கொண்டது, வண்டியில் வாந்தியெடுத்த ஒரு பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போனபோது மட்டும்தான்.

இதைச் சொல்லிச் சொல்லி முப்பது வருடம் சிரித்திருக்கிறார் பாக்கியமேரி. இந்த ஜூலையில் சிரிக்காமல் சொன்னார்.

"ரெண்டு நாளுங்க. நீங்க, நானு. கடக்கரையில உக்காரணும். எந்திரின்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. இதுவும் டூரா போச்சுன்னா, இனிமே உங்க கூட நான் எங்கயும் வரல."

விளையாட்டுப் பேச்சில்லை என்பது தனிஸ்லாஸுக்குப் புரிந்தது. ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமை, சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. கொடியேற்றம் முடிந்ததும் கிளம்பலாம் என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலமே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் காலை, காபி டம்ளரோடு பாக்கியமேரி அதை வாங்கிப் படித்தார்.

"மூணே முக்கால்ல இருந்து நாலு வரைக்கும் ஓய்வுன்னு போட்டிருக்கீக."

"ஆமா, மேரி."

"அப்ப மத்த நேரமெல்லாம்?"

தனிஸ்லாஸ் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். அதில் ஐந்து வரிகள் இருந்தன. பாக்கியமேரி மூன்றை அடித்தார். மூன்றாவது முறை தனிஸ்லாஸ் எதுவும் எழுதாமல் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் எழுந்து போய் ஸ்கூட்டருக்குக் காற்று அடித்து வந்தார். முந்தின நாள்தான் அடித்திருந்தார்.

ஆசிரியர் அறையில் கணக்கு ஆசிரியர் ஆல்பின் கேட்டபோதுதான் வழி மாறியது.

"என்னண்ணே, மெட்ராஸாமே?"

"ஆமா மாப்ள. நானும் வீட்லயும்."

"ரெண்டு பேரு போயி என்ன செய்வீக? ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டா? நம்மளையும் ஒரு ஓரமா போட்டுக்கிறது. நானும் உங்க தங்கச்சியும் வாரோம்."

யாராவது பெயர் கொடுத்தால் தனிஸ்லாஸின் கை தானாக எழுதிவிடும். முப்பது வருடப் பழக்கம். எழுதினார். வீட்டில் சொல்ல நாளாகட்டும் என்று விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுச் சாம்பசிவம், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், மாடியிலிருந்து கேட்டார். அவரும் மனைவி விஜயமும் சேர்ந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் இன்னும் ஐந்து பேர். பதினைந்து நாளில் பட்டியலில் பதினோரு பேர். வேன் பேசியாயிற்று. தெரிந்த மடத்தில் இரண்டு கூடம் சொல்லியாயிற்று.

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். அந்தப் பதினைந்து நாளும் அவர் நன்றாகத் தூங்கினார். வெற்றுப் பக்கம் தந்த தவிப்பு பட்டியல் வந்ததும் போய்விட்டது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் சட்டையைத் துவைக்கப் போடும்போது பட்டியல் பாக்கியமேரியின் கையில் சிக்கியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அடியில் 'கூடம் 1', 'கூடம் 2'.

"என் நம்பரு என்னங்க?"

"எட்டு," என்றார் தனிஸ்லாஸ்.

"போன தடவ நாப்பத்தேழு. முன்னேறிட்டேன்."

பாக்கியமேரி அலமாரியிலிருந்து பேனாவை எடுத்தார். எட்டாம் எண்ணை அடித்தார். கோடு நேராக இருந்தது.

"பதினஞ்சாம் தேதி நான் எழுமலைக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். மத்த ஒம்பது பேரையும் பத்திரமா கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க."

"மேரி, இந்தா பாரு, அவங்களா கேட்டாங்க..."

"நானுந்தான் கேட்டேன். முப்பது வருசமா."

இருபத்தாறு பயணத்தில் அவர் பட்டியலில் பெயர் குறைந்ததே இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையையும் மாத்திரை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனவர். குறைந்த ஓர் எண்ணோடு அன்று அவர் பள்ளிக்குப் போனார், வந்தார், தெருவில் நடந்தார், மாடியேறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், மறுபடி நடந்தார். யாரிடமாவது போய், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று யோசித்தார். சாம்பசிவம் புதுச் செருப்பு வாங்கிவிட்டார். விஜயம் முறுக்குக்கு மாவு அரைத்துவிட்டார்.

மறுநாள் இடைவேளையில் ஆல்பினைப் பிடித்தார். பட்டியல், வேன்காரர் நம்பர், மடத்து சிஸ்டர் நம்பர் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு நீட்டினார்.

"மாப்ள, இந்த டூருக்கு நீதான் இன்சார்ஜ்."

"விளையாடாதீங்கண்ணே. அப்ப நீங்க?"

"நான் வரல. என் பேரையும் அடிச்சாச்சு."

"மதினி சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே."

ஆல்பின் உறையைப் பிரித்துப் பார்த்தார். "எம்புட்டுப் பேரு இப்ப?"

"ஒம்பது. சாம்பசிவம் சார் டீ குடிக்கன்னு எறங்கினா வர லேட்டாகும். அவர முன்னாடி உக்கார வையி. பீச்சுல வேன அம்புட்டுத் தூரம் விட வேணாம், நான் எழுதியிருக்கிற எடத்துல நிறுத்து." பேசிக்கொண்டே கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். "இதையும் வச்சுக்க."

"அண்ணே, கெழவங் கெழவிகளுக்கு விசில் ஊதச் சொல்றீகளா?"

"ஊது. பழகிருவாங்க."

அன்று சாயங்காலம் தனிஸ்லாஸ் மகள் ஆன்சியைப் போனில் பிடித்து, பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த அறை ஒன்று பதிவு செய்யச் சொன்னார். இருபத்திரண்டாம் தேதிக்கு விடுப்புக் கடிதம் எழுதினார். பள்ளி வேலை நாளில் அவர் எடுக்கும் சொந்த விடுப்பு பல வருடத்தில் இதுதான் முதல். இரண்டு ரயில் டிக்கெட்டையும் பாக்கியமேரியின் பைபிளுக்குள் வைத்தார். ஜெபத்துக்குத் திறந்த பாக்கியமேரி அதைப் பார்த்துவிட்டு ஜெபத்தை முடித்த பிறகே பேசினார்.

"வேற யாரு வாரா?"

"யாரும் இல்ல."

"சும்மா உக்காந்திருப்பீங்களா?"

"இருப்பேன்."

"எங்க, இருந்து காமிங்க."

அடுத்த நாள் மாலை அவரைத் தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போனார் பாக்கியமேரி. சுற்றுச்சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுண்டல் வாங்கித் தந்துவிட்டு, அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார் பாக்கியமேரி. தனிஸ்லாஸ் முழங்காலில் கையை வைத்தார், எடுத்தார். சுண்டல் தாளை நான்காக மடித்தார். எதிரே ஆட்கள் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார்கள். அவர் உதடு லேசாக அசைந்தது.

"எம்புட்டுப் பேருங்க?" என்று குளத்தைப் பார்த்தபடியே கேட்டார் பாக்கியமேரி.

"அறுவத்திரண்டு," என்றார். பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது.

பாக்கியமேரி சிரித்தார். அவர் தோளைப் பிடித்து, கூட்டத்துக்கு முதுகு வருமாறு, தண்ணீர் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, விளக்கு போடும் வரை இருந்தார்கள். அதற்குள் அவர் இரண்டு முறை எழப் பார்த்தார்.

ஆல்பினின் வேன் பதினைந்தாம் தேதி பத்து மணிக்குக் கிளம்பி, ஒன்பது பேரோடு போய், ஒன்பது பேரோடு திரும்பி வந்துவிட்டது. ஆகஸ்ட் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை காலை, தனிஸ்லாஸும் பாக்கியமேரியும் வைகை எக்ஸ்பிரஸில் போகிறார்கள். திரும்பிவர டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை; அதைப் பாக்கியமேரி சென்னையில் எடுப்பார்.