பழனிக்குப் போட்டுப் போன ஷூ

அய்யாவுக்கு அந்த ஷூவைத் தேடியதுபோல நான் எனக்கு ஒரு பட்டுச்சேலைகூடத் தேடியதில்லை. இராமநாதபுரம் கடைத்தெருவில் நான் ஏறி இறங்காத செருப்புக்கடை பாக்கியில்லை. அலுவலகம் முடிந்து ஊருக்குப் பஸ் ஏறுவதற்குள் தினமும் இதே வேலை.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கு மேற்கே இருக்கிறது. தைப்பூசத்துக்கு எங்கள் ஆட்களால் பழனிக்கு நடக்க முடியாது, நெல் அறுப்பு நடந்துகொண்டிருக்கும். அதனால் பங்குனி உத்திரத்துக்குப் போவார்கள். அய்யா எங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே போகிறவர். எப்போதும் வெறுங்கால்தான்.

அந்த வருடம் டாக்டர் நைலான் நரம்பு போன்ற ஒன்றை வைத்து அவருடைய உள்ளங்காலைச் சோதித்தார். அய்யாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தெரிகிறதா என்று கேட்டார்.

"ம், தொடுங்க" என்றார் அய்யா.

டாக்டர் தொட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சர்க்கரை வியாதி கால் நரம்பைத் தின்றுவிட்டது, இனி முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது என்றார் டாக்டர். வெறுங்காலோடு நடந்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்.

இந்த வருடம் போக வேண்டாம் என்று கெஞ்சினேன், கத்தினேன், சாப்பிடாமல்கூடக் கிடந்தேன். "நீ பட்டினி கெடந்தா முருகன் எனக்கு லீவு குடுத்துருவானாத்தா?" என்று சிரித்தார். அம்மா இருந்திருந்தால் ஒரு அதட்டலில் நிறுத்தியிருப்பாள். எனக்கு அந்தத் தொண்டை இல்லை. மனுசனைத்தான் நிறுத்த முடியவில்லை, காலையாவது காப்பாற்றுவோம் என்று ஷூ வாங்கக் கிளம்பினேன்.

அதுவரை எனக்கு ஷூவைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாயங்காலத்தில்தான் வாங்க வேண்டுமாம். பகலெல்லாம் நின்ற கால் அப்போதுதான் வீங்கி அதன் முழு அளவுக்கு வந்திருக்கும். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. அடிப்பாகம் விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் ஆகாது. இதெல்லாம் சரி, அய்யாவின் கால் யாருக்கு இருக்கிறது? உவர்மண்ணிலும் வயல் சேற்றிலும் உழன்ற அகலக் கால். ஐந்து விரலும் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். நீளம் சரியாக இருந்தால் அகலம் பிடித்தது, அகலம் சரியாக இருந்தால் நீளம் படகாக இருந்தது.

"போடப் போட விரிஞ்சு குடுத்துரும்க்கா" என்றார் ஒரு கடைக்காரர்.

"அது விரியிறதுக்குள்ள எங்கய்யா காலு போயிரும்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அய்யாவையே கூட்டிக்கொண்டு போனேன். அதிலும் ஒரு சங்கடம். எதை மாட்டினாலும், "மெத்துமெத்துன்னு இருக்குத்தா" என்றார். உணர்ச்சியில்லாத காலுக்கு எல்லாமே மெத்தைதான். கடைசியில் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் நானே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். எங்கே தையல் உறுத்துகிறது, எங்கே பசை காய்ந்து கட்டியாக இருக்கிறது என்று என் விரல்கள் பார்த்துச் சொன்னதைத்தான் வாங்கினேன். மலையேறுகிறவர்கள் போடுகிற ஷூ அது. முன்பக்கம் அகலம், தடித்த அடிப்பாகம், கணுக்கால்வரை ஏற்றிக் கட்டுகிற கயிறு.

"போலீசுக்காரன் பூட்சு மாதிரில்ல இருக்கு" என்றார். ஆனாலும் கண்மாய்க்கரையில் அதைப் போட்டுத் தினமும் நடந்து பழகினார். சாயங்காலம் ஆனால் நான் அவர் காலை மடியில் தூக்கி வைத்துப் பார்ப்பேன். ஒரு சிவப்புகூட இல்லை. கிளம்புகிற அன்று தேங்காய் உடைத்து, "முருகா, மக சொல்லுறா, பொறுத்துக்க" என்று அவனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஷூவை மாட்டினார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பார்கள். இராமநாதபுரத்திலிருந்து பழனிவரை அந்தச் சொல்லை ஒருவரும் மீறவில்லை. அய்யா ஒவ்வொரு கோயில் முன்பும் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்திருக்கிறார். சாலையோரப் பிள்ளையார், அரசமரத்தடி நாகர், எல்லோருக்கும் இதே மரியாதை. திரும்பக் கட்டி முடிப்பதற்குள் கூட வந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அதனால் அடுத்த கோயில் பக்கத்தில்தானே என்று ஷூவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். இதெல்லாம் கூடப் போனவர்கள் பிறகு சொல்லித்தான் தெரியும்.

ஒரு மத்தியானம், அன்னதானப் பந்தலில் முருகன் படத்துக்கு விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். சாமி இருக்கிற இடமாயிற்றே, அய்யா ஷூவைக் கழற்றி வைத்துவிட்டார். வரிசையோ பந்தலைத் தாண்டித் தார்ரோட்டில் நீண்டிருக்கிறது. நின்றவர்கள் காலை மாற்றி மாற்றிக் குதித்திருக்கிறார்கள், நிழலுக்கு ஓடியிருக்கிறார்கள். அய்யா மட்டும் அசையாமல் நின்றாராம். பெரியவரின் பக்தியைப் பார் என்று ஒரு அம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

அந்தக் காலோடு சாக்ஸை மாட்டிக்கொண்டு பழனிவரை நடந்தார். படியேறினார். பஞ்சாமிர்த டப்பாவும் சிரித்த முகமுமாகத் திரும்பி வந்தார். வாசலில் உட்காரவைத்து நான்தான் சாக்ஸை உருவினேன். வலது காலில் சாக்ஸோடு சேர்ந்து தோலும் வந்தது. அய்யா பந்தலில் போட்ட சாம்பாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதுரை ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "அவனப் பாத்துட்டுத்தானத்தா போச்சு" என்று அவர் என்னைத் தேற்றினார். எனக்கு ஆறவில்லை. முருகன்மேல், அந்தக் கும்பிட்ட அம்மாள்மேல், இவர்மேல், எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அடங்கினால் அழுகை வந்தது.

செயற்கைக் கால் பொருத்தி வீட்டுக்கு வந்த பிறகு, முதன்முதலாக எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வாசலில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றினார். பிறகு வேட்டியை ஒதுக்கி, அந்தக் காலின் வார்களை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அய்யா, அது உங்க காலு. அதோட உள்ள போங்க."

"ரப்பரும் தோலும்தானத்தா. செருப்புல சேத்திதான இது."

காலைக் கழற்றிச் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து உள்ளே போனார்.

வருகிறவர்கள் மிதித்துவிடுவார்களே என்று நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே மணி அடித்தது. கும்பிட எனக்குக் கை ஒழியவில்லை.