வளவுக் காளானுக்கு நாங்கள் வைத்த பேர்கள்

மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிறவள் நான். வருஷா வருஷம் கரும்பலகையில் காளான் படம் போட்டு, பாகம் குறித்து, பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். பூசண இழை, இழைத்தொகுதி, கனியுடல், வித்துத்தூள். பரீட்சைக்கு இந்தச் சொற்கள் போதும். என் சொந்த வீட்டில் இதில் ஒன்றுகூடச் செல்லுபடியாகவில்லை.

சொந்த வீடு என்று சொல்லக் கூடாதோ என்னவோ. பிறந்த வீடு. கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறது. எங்கள் பக்கம் பங்கைப் புள்ளி என்போம். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு புள்ளி. நடு முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்துக்கும் அதை ஒட்டிய அறைகளுக்கும் வளவு என்று பேர். ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஓர் அறை உண்டு. அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கோயம்புத்தூரோ சிங்கப்பூரோ போய்விடுவார்கள். அடுத்த புள்ளியின் அறையை யாரும் திறக்க மாட்டார்கள். வீடே சரிந்தாலும் திறக்க மாட்டார்கள். பெண்ணுக்குப் புள்ளி கிடையாது. சட்டம் சொல்வது வேறு, வளவு சொல்வது வேறு.

அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். என் அப்பச்சி இறந்த பிறகு அந்த வீட்டில் என் ஆத்தா தனியாக இருக்கிறாள். நான் ஒரே பிள்ளை. காரைக்குடியில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன். என்னோடு வந்து இரு என்று கூப்பிடாத வாரம் இல்லை.

"மக வீட்டுல போயி உக்காந்து திங்கவா? நான் வந்துட்டா இங்க வெளக்கு யாரு ஏத்துவா, நீயா?"

பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாழ்வாரத்தில் ஆத்தாவின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் தற்செயலாக மேலே பார்த்தேன். அவள் தலைமாட்டுக்கு நேர் மேலே இருந்த உத்தரத்தில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஸ்டூல் போட்டு ஏறித் திருப்புளியால் குத்தினேன். கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. பாயை முகப்புப் பக்கம் போடு என்று ஆத்தாவிடம் கெஞ்சினேன், அவள் அசையவில்லை.

அன்றைக்கே குடும்ப வாட்ஸாப் குரூப்பில் படம் போட்டு, பாடம் நடத்துகிற மாதிரி நீளமாக எழுதினேன். இழைத்தொகுதி மரத்தின் உள்ளே பரவியிருக்கிறது, கனியுடல் தோன்றும் நிலையில் இருக்கிறது என்றெல்லாம். பதிலுக்கு இரண்டு கட்டைவிரல் வந்தது. ஒருவன் பாசிதானே, துடைத்தால் போச்சு என்றான். ஒருத்தி கரையான் மருந்து அடிக்கச் சொன்னாள். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளித் தம்பி ஒருவன் ஃபங்கஸ் என்று ஒற்றைச் சொல் எழுதி, பயந்த முகம் ஒன்று போட்டான். கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பச்சி மகன், என்னைவிட மூத்தவர், அவர் எழுதினார்: "பர்மாத் தேக்கு. ஒண்ணும் ஆகாது."

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. பர்மாத் தேக்கு என்று சொல்லிவிட்டால் மழையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது என்று நினைப்பு. வைரம் பாய்ந்த பகுதி தாங்கும். ஓரத்து வெள்ளைச் சதை தாங்காது. தினம் நனைந்துகொண்டிருந்தால் எதுவுமே தாங்காது. எழுதினேன். யாரும் படிக்கவில்லை.

வாரத்தில் மற்ற நாட்களில் எனக்குக் கண் ஆத்தாதான். அவளுக்கு போனில் படம் எடுக்க வராது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு."

"வெள்ளைன்னா எப்படி? நூல் மாதிரியா, துணி மாதிரியா?"

"பாலு ஆறுனா மேல படியுமே, அது மாதிரி."

"அதுக்கு இழைத்தொகுதின்னு பேரு ஆத்தா."

"தொகுதியா? எலெக்‌ஷனுக்கு நிக்கப் போகுதா அது?"

ஆடை என்று வைத்துக்கொண்டோம். எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்த சொல்லை விட்டுவிட்டு அடுப்படிச் சொல்லுக்கு இறங்குவதா என்று இருந்தது. ஆனால் மறுநாள் அவளாகவே, "ஆடை தூணு வரைக்கும் வந்துருச்சு, இங்குட்டுக் கொஞ்சம் மஞ்சளா இருக்கு" என்றாள். பாடப்புத்தகத்துச் சொல்லை வைத்து அவள் வாயிலிருந்து அந்தத் தகவலை நான் வாங்கியிருக்கவே முடியாது. என் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து உத்தரத்தின் ஓரத்தில் ஒன்று உப்பியது. மேலே சிவப்பு, அடியில் வெளுப்பு. பணியாரம் என்றாள். அதன் நேர் கீழே தரையில் பழுப்பாகப் படிந்ததைத் தூள் என்றாள், காப்பித்தூள் போல இருந்ததால். மரம் கட்டம் கட்டமாக வெடித்திருந்த இடத்துக்குக் கண்மாய் என்று பேர் வைத்தது நான். தண்ணீர் வற்றிய கண்மாய்த் தரை அப்படித்தான் வெடிக்கும். எங்கள் பக்கத்து ஆள் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நாலு சொல்லையும் குரூப்பில் போட்டேன். அதிசயமாக எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். சிங்கப்பூர்க்காரன் காலையில் எழுந்ததும், "ஆச்சி, இன்னைக்குப் பணியாரம் வெந்துருச்சா?" என்று கேட்பான். எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா. எரிச்சல் வரும். ஆனாலும் கேட்கிறானே.

ஒரு சொல்லை வைப்பது சுலபம், அதை ஒரே இடத்தில் நிற்க வைப்பதுதான் பாடு. ஆடையிலிருந்து கயிறு மாதிரித் திரித்துக்கொண்டு சில இழைகள் சுவரில் இறங்கின. கோயம்புத்தூர் அண்ணன் அதை வேர் என்றார். உடனே எல்லாரும் வேர் என்றார்கள். கூடாது, நரம்பு என்று சொல்லுங்கள் என்றேன்.

"வேர்னு சொன்னா என்னத்தா இப்ப? கிரீடம் எறங்கிருமா?"

"வேர்னு சொன்னா புடுங்குனாப் போதும்னு நெனைப்பீக. அது வேர் இல்லண்ணே. காளானே அதுதான். ஆடையும் அதுதான். பணியாரம் வெறும் காய்."

"வாத்தியாரு வேலைய இங்கயும் ஆரம்பிச்சாச்சு" என்று யாரோ எழுதினார்கள். அதற்குச் சிரித்த முகங்கள் வரிசையாக வந்தன. நான் விடவில்லை. வேர் என்று யார் எழுதினாலும் கீழேயே நரம்பு என்று திருத்திப் போட்டேன். பைத்தியம் மாதிரி வகுப்பு இடைவேளையிலெல்லாம் போனை எடுத்துப் பார்த்துத் திருத்தினேன். ராத்திரி சாப்பிடும்போதும் திருத்தினேன். என் வீட்டுக்காரர், "ஒரு சொல்லுக்கா இந்தச் சண்டை?" என்றார். சொல்லுக்கு இல்லை. அந்த உத்தரத்துக்குக் கீழே என் ஆத்தா படுத்திருக்கிறாள். எதைப் பார்த்து எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதற்கு நடுவில் படைப்பு வந்தது. முன்னோர்களுக்கு வீட்டில் வைத்துக் கும்பிடுகிற நாள். அதற்கு முன்னால் வீட்டைக் கழுவுவது வழக்கம். சென்னையிலிருந்து ஒரு பங்காளித் தம்பி ஆட்களோடு வந்து இறங்கினான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு, போக முடியவில்லை. பணியாரத்தைக் கரண்டியால் சுரண்டி எறிந்து, ஹோஸ் பிடித்து உத்தரத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவி, மேலே எண்ணெய் தடவிப் பளபளவென்று படம் எடுத்துப் போட்டான். "பணியாரம் காலி" என்று எழுதியிருந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். கோயம்புத்தூர் அண்ணன் மாலைப் படம் போட்டு வாழ்த்தினார்.

போன் போட்டு அவனைக் கண்டபடி திட்டினேன். தாகத்தில் கிடந்தவனுக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்த கதை என்றேன்.

"ஆச்சி, நல்லது பண்ணுனாலும் திட்டுறீக. நீங்கதான பணியாரம் பணியாரம்னு தெனம் எழுதுனீக?"

அவன் சொன்னது உறைத்தது. நாங்கள் வைத்த நாலு சொல்லில் அந்தச் சொல்லுக்குத்தான் ருசி இருந்தது. அதனால் எல்லார் கண்ணும் அதன் மேலேயே நின்றது. ஆடையைப் பற்றி யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. சப்பென்று ஒரு பேர் வைத்திருந்தால் ஒருவேளை அதைச் சுரண்டவும் தோன்றியிருக்காது.

படைப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு உத்தரம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆத்தாவுக்குச் சந்தோஷம். பாயை அங்கேயே விரித்துக்கொண்டாள். எனக்குத் தூக்கம் இல்லை. நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. வகுப்பில் ஒரு பையன் கேள்வி கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

பிறகு ஒரு நாள் காலையில் ஆத்தா கூப்பிட்டாள்.

"தூளு கெடக்கு."

"எங்க?"

"என் தலைமாட்டுல. போர்வையெல்லாம்."

"மேல பணியாரம் இருக்கா?"

"அதான் இல்ல. நல்லாப் பாத்துட்டேன். பணியாரம் இல்லாம தூளு மட்டும் எப்படி வரும்?"

என் வகுப்பில் இந்தக் கேள்வியை எவனும் கேட்டதில்லை. தூள் எந்தப் பக்கம் அதிகமாக இருக்கிறது என்று கேட்டேன். அவள் குனிந்து பார்ப்பது போனில் மூச்சாகக் கேட்டது. பூட்டின அறைப் பக்கம்தான் அதிகம் என்றாள். கோயம்புத்தூர் அண்ணன் அறை. கதவுக்கு மேலே காற்றுக்காக மரச்சட்டம் அடித்த ஜன்னல் ஒன்று உண்டு. அதற்கு நேர் கீழேதான் ஆத்தா தலைவைத்துப் படுக்கிறாள்.

துடைத்துவிட்டு மறுநாள் பார்க்கச் சொன்னேன். மறுநாளும் அதே இடத்தில் கிடந்தது.

குரூப்பில் குரல் பதிவு போட்டேன். பாடப்புத்தகச் சொல் ஒன்றும் இல்லை. உத்தரத்தில் பணியாரம் இல்லை. ஆனால் தினம் தூள் விழுகிறது. அண்ணன் அறை ஜன்னலுக்குக் கீழே விழுகிறது. அவ்வளவுதான் சொன்னேன். அறையைத் திற என்று கேட்கவில்லை. அதைப் பலமுறை கேட்டு, "நான் வரும்போது பாத்துக்கலாம்" என்ற பதிலைப் பலமுறை வாங்கியாகிவிட்டது.

சாயங்காலம் அண்ணனே என்னைக் கூப்பிட்டார்.

"தூளு இருக்குன்னா, பணியாரம் என் அறைக்குள்ள இருக்குன்னு சொல்ல வாரியா?"

"நான் சொல்லலண்ணே. நீங்கதான் சொல்றீக."

"உள்ள ஆடையும் இருக்கும்?"

"ஆடை இல்லாம பணியாரம் எங்க வரும்?"

"எங்க ஆத்தா சீர்ச் சாமானெல்லாம் உள்ளதான் இருக்கு" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். நான் போகும்போது கதவுக்கு முன்னால் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. நிலை வீங்கிக் கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம்.

உள்ளே மழை வாசனை. கூரையில் ஓடு உடைந்து வானம் தெரிந்தது. மயில் குதித்து உடைத்திருக்கும், எங்கள் பக்கம் மயில் தொல்லை அப்படி. எத்தனை மழைக்காலம் அந்த வழியாக உள்ளே பெய்ததோ. சுவர் முழுக்க வெள்ளை. அடுக்கி வைத்திருந்த அவருடைய ஆத்தாவின் மரப்பெட்டி மேலும் வெள்ளை, பித்தளை அண்டா வாயைக் கட்டியிருந்த துணி மேலும் வெள்ளை. மேலே, தாழ்வாரத்து உத்தரம் சுவருக்குள் நுழைந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் முனையில், தட்டுத் தட்டாகப் பணியாரங்கள். தம்பி சுரண்டினது இதன் விரல்நுனி.

அண்ணன் டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது வேற, அங்குட்டு இருந்தது வேறயா?"

"ஒரே உடம்புண்ணே."

"நடுவுல செவரு இருக்கே."

"அதுக்கு உங்க புள்ளி எங்க புள்ளின்னு தெரியாது."

சொன்ன பிறகு கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று பட்டது. பரவாயில்லை என்றும் பட்டது. அவர் கோபப்படவில்லை. உத்தரத்து முனையை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. "கண்மாய்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெளியே வந்தார். ஆத்தா காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டே, "சின்னாத்தா, இனி இங்குட்டுப் படுக்காதீக. முகப்புப் பக்கம் போயிருங்க. நாளைக்கு ஆளு வந்து முட்டுக் கொடுப்பாக" என்றார்.

"சரிப்பா" என்றாள் ஆத்தா.

அவ்வளவுதான். சரிப்பா. எத்தனை மாதம் நான் கத்தினேன், கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன். விளக்கு யார் ஏற்றுவது என்று என்னைக் கேட்ட வாய் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அறைக்குச் சொந்தக்காரன் சொன்னால் கேட்கிற காது, பெற்ற மகள் சொன்னால் கேட்காது. என் முகம் எப்படிப் போயிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆத்தா பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏண்டி மூஞ்சியத் தூக்குற? போகணும்னுதான கத்துன? போறேன்ல."

அவள் பாயைச் சுருட்டினேன், தலையணையை எடுத்துக்கொண்டேன், போர்வையை வெளியே கொண்டுபோய் நன்றாக உதறினேன். அண்ணன் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு முகப்புக்குப் போனேன். பாயை விரிப்பதற்கு முன்னால் தலைக்கு மேலே இருந்த மரம் ஒவ்வொன்றாக, மூலை மூலையாக, ஆடை இருக்கிறதா என்று அடித்துப் பார்த்தேன். ஆத்தா பின்னால் நின்று, "அங்குட்டும் பாரு, அந்த எழவு மூலையையும் பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.