சந்தனம் பூசிய புஷ்

ஜெயலெட்சுமி அக்காவுக்கு அருவருப்பு அதிகம். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் மசாலா ஆலையில் மிளகாய்த் தூளும் கிரீஸும் குழைந்து சுவரெல்லாம் அப்பிக் கிடக்கும். பொட்டலம் போடும் எங்களுக்கே மத்தியானச் சோறு தொண்டையில் இறங்காது. அதற்கு நடுவில், ஆலையின் ஒரே ஃபிட்டரான அவர் நகக்கண்ணில் அழுக்கில்லாமல் நிற்பார். தண்ணீர் குடிக்கச் சொந்தக் கோப்பை, கை கழுவச் சொந்தச் சோப்பு. பக்கத்தில் எவனாவது காறித் துப்பினால் "சீ" என்பார். துப்பியவனே துணி தேடிக்கொண்டு ஓடுவான்.

பைராம் தோட்டத்தில் பிறந்தவர். கூடப் படித்த பெண்கள் தையல் வகுப்புக்குப் போனபோது இவர் மெஷின் பட்டறைக்குப் போய்த் தொழில் கற்றார். கல்யாணமும் ஆனது. புருஷன் குடித்துவிட்டு வாந்தி எடுத்த பாயை ஒருநாள் அலசிக்கொண்டிருந்தவர், பாதியிலேயே போட்டுவிட்டு, "இனி இதை நான் அலச மாட்டேன்" என்று கிளம்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து ஜார்ஜ்டவுனில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறார். மோட்டார் சைக்கிளை ஃபெரிப் படகில் ஏற்றிக் கடலைத் தாண்டி வேலைக்கு வருவார். ஐம்பது வயது தாண்டியாயிற்று, மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. இது எனக்குத் தெரியும். ஆலையில் வேறு யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பின்னால் வரப்போகும் அசிங்கத்துக்காகத்தான் இதைச் சொல்லவேண்டி இருக்கிறது.

அவர் அதிகமாகச் சுத்தம் பார்ப்பது புஷ் மாட்டும்போது. அரவை மெஷினின் தண்டில், பெல்ட் சுற்றும் புல்லியைப் பிடித்துவைப்பது இந்தப் புஷ்தான். ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சிறுத்து, ஓரிடத்தில் பிளந்திருக்கும் இரும்பு வளையம். ஸ்குரூவை முடுக்க முடுக்க அது புல்லிக்குள் இறங்கித் தண்டை இறுக்கிக்கொள்ளும். உரசிப் பிடிக்கிற முகத்தில் எண்ணெய்ப் பசை ஆகாது. இருந்தால் புஷ் வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் உள்ளே போகும், புல்லி விரிந்து வெடிக்கும். அதனால் அக்கா தின்னரில் துடைத்து, வெள்ளைத் துணியில் கறை படாதவரை மறுபடியும் துடைப்பார்.

ஆயுத பூசை அன்று காலையில் அப்படித்தான் ஒரு புஷ்ஷைக் கழற்றிச் சுத்தம் செய்து துணியில் வைத்திருந்தார். எங்கள் முதலாளியின் மனைவி முத்தம்மை ஆச்சிக்கு ஒரு வழக்கம். ஆலையில் உள்ள இரும்பு எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் இட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கவேண்டும். மறுநாள் நல்ல நேரத்தில் மெஷின் ஓடும்வரை பொட்டை அழிக்கக்கூடாது. மற்ற வருஷங்களில் அக்கா ஸ்பானர்களைப் பூசைக்குக் கொடுத்துவிட்டுப் புஷ்ஷைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார். இந்த வருஷம் அவர் கை கழுவப் போன நேரத்தில் சூப்பர்வைசர் சுகுமாரன் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் படையலில் வைத்துவிட்டான்.

அக்கா அதை எடுக்கப் போனார். சுகுமாரன் கையை நீட்டி மறித்தான்.

"நில்லுங்கக்கா. இன்னிக்கு நீங்க சுத்தமாதானே இருக்கீங்க?"

லாரி ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், அரவைக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்தபடி ஆச்சியும் பதிலுக்காகக் காத்திருந்தார். வயிற்றுப்பாட்டுக்கு வந்த இடத்தில் ஒரு மனுஷியின் உடம்பை இப்படி நடுச்சபையில் விசாரிப்பார்களா? "அதெல்லாம் நின்னுபோச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அக்கா சொல்லவில்லை.

"அந்தப் புஷ்ஷுல எண்ணெய் படக்கூடாது. துடைச்சிட்டு மாட்டணும்" என்றார். அவ்வளவுதான்.

"கேட்டதுக்குப் பதில் வரலன்னா என்ன அர்த்தம்?" என்றார் ஆச்சி. "வெளியில நில்லு ஜெயா. நாளைக்கும் மெஷின்கிட்ட வராத."

வெளியே லாரி பக்கத்தில் கட்டியிருந்த கூடாரத்தின் கீழ் அக்கா நின்றார். பூசை முடிந்து சுண்டல் கொடுத்தபோது, விரல் பட்டுவிடும் என்று சுகுமாரன் அக்கா நீட்டிய காகிதத்தில் மேலே இருந்து போட்டான். அக்கா காகிதத்தை அப்படியே மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் புஷ்ஷைச் சுகுமாரனே மாட்டினான். சாமிப் பொட்டைத் துடைப்பதாவது என்று எண்ணெயும் சந்தனமுமாக உள்ளே தள்ளினான். "பாருங்க ஆச்சி, எவ்வளவு லேசா போகுது" என்று ஸ்குரூவை முடுக்கிக்கொண்டே இருந்தான். சூடம் காட்டி சுவிட்சைப் போட்டதும் டமார் என்று சத்தம். புல்லி வெடித்து, பெல்ட் தெறித்து மல்லி மூட்டையில் போய் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

"நேத்து காலையில அவங்கதான் அதைத் தொட்டாங்க" என்றான் சுகுமாரன், முகம் வெளுத்து.

"தீட்டுதான். வேற என்ன?" என்றார் ஆச்சி.

"ஆச்சி, எண்ணெய் ஆகாதுன்னு அக்கா நேத்தே..." என்று நான் வாயெடுத்தேன்.

"நீ உன் பொட்டலத்தைப் பாரு." பிறகு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, "ஜெயா, நீ வீட்டுக்குப் போ. இனிமே மெஷின் வேலை உனக்கு வேணாம். திரும்பி வந்தா இவங்களோட பொட்டலம் போடு" என்றார்.

அக்கா மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருஷத் தொழிலை ஒரே பேச்சில் பிடுங்கிவிட்டார்கள்.

புக்கிட் தெங்காவிலிருந்து புதுப் புல்லி வந்து சேர்ந்தது. ஆனால் பழைய புஷ் தண்டை விட்டு அசையவில்லை. அதைக் கழற்றுவதற்கென்றே புஷ்ஷில் ஒரு ஓட்டை உண்டு. ஸ்குரூவை அந்த ஓட்டைக்கு மாற்றி முடுக்கினால் தானே விட்டுக்கொடுக்கும். அது தெரியாமல் சுகுமாரன் சுத்தியலால் அடி அடி என்று அடித்தான். தீபாவளி நெருக்கத்தில் வெளி ஃபிட்டர்கள் யாரும் கிடைக்கவில்லை. ஆலை நின்றது.

மறுநாள் சாயங்காலம் அக்காவின் பிளாட்டுக்குப் போனேன். அவர் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஈரக் கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். ஆச்சிதான்.

"ஜெயா, உனக்கு எப்ப முடியுது? முடிஞ்சதும் தலைக்கு ஊத்திட்டு வந்துரு லா. புஷ் கழல மாட்டேங்குது. கடைக்காரங்க போன் மேல போன் அடிக்கிறாங்க."

"எனக்கு முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ஆச்சி."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தைதானே."

"அவன் கேட்டான், நீங்க எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க. பதில் சொல்றதே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. தீட்டா இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

"சரி லா, விடு. நாளைக்கு வா."

"ஃபிட்டரா வர்றேன். பொட்டலம் போட வரமாட்டேன். அப்புறம், நான் கழட்டி மாட்டுற வரைக்கும் சுகுமாரன் வெளியில நிக்கணும். நான் நின்ன எடத்துல."

"அவன் எதுக்கு நிக்கணும்?"

"எண்ணெய்க் கை ஆச்சி. மெஷினுக்கு ஆகாது."

மறுநாள் சுகுமாரன் லாரி பக்கத்தில் நின்றான். மூட்டைக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு அக்காவைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான், அதுவும் எனக்கு அருவருப்பாகவே இருந்தது.

அக்கா ஸ்குரூவை ஓட்டை மாற்றிப் போட்டு முடுக்கினார். டக் என்று புஷ் விட்டுக்கொடுத்தது. சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் இரும்புத் தூளும் கூழாகிப் புண்ணில் சீழ் போல ஒட்டியிருந்தன. இரண்டு விரலால் தூக்கி ஆச்சியின் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"சீ" என்றார்.

பிறகு துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தார். புதுப் புல்லியில் மாட்டி, மாற்றி மாற்றி ஸ்குரூக்களை முடுக்கினார். மெஷின் ஓடியது. ஆச்சி உள்ளே போய், ஆலையின் பொதுக் கோப்பை ஒன்றில் டீ கலந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். விரல் பட்டாலும் பரவாயில்லை என்பதுபோல மிகவும் கிட்டே வந்து நீட்டினார்.

"வேணாம் ஆச்சி. எனக்குக் கோப்பை இருக்கு" என்று சொல்லிவிட்டு, அக்கா சோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.